'வேண்டுகிறேன்' முதல் 'வேண்டும்' வரை
தோட்டத்து மனுக்கள் சொல்லும் வரலாறு



வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. இராசராசன் எப்போது பட்டம் சூடினான், பரமேசுவரா எப்போது மலாக்காவை அமைத்தார் என்று மனப்பாடம் செய்கிறோம். அவை தெரிந்திருக்க வேண்டியவையே. ஆனால் நம்முடைய பாட்டன் பாட்டிமாரின் வரலாறு பட்டயங்களில் இல்லை. அது அவர்கள் பிறரைக்கொண்டு எழுதிய கடிதங்களிலும், கைநாட்டு வைத்த மனுக்களிலும், துரைமார்கள் அவற்றுக்குப் போட்ட பதில்களிலும் இருக்கிறது. அந்தத் தாள்களில் பெரிய பெரிய சொற்களைத் தேட வேண்டியதில்லை. வினைச்சொல்லின் வாலில் தொங்கும் சின்னச் சின்னச் சொற்களைப் பார்த்தாலே போதும்.

'வா' என்பது ஒரு சொல். 'வரலாம்' என்றால் அனுமதி. 'வர வேண்டும்' என்றால் கட்டாயம். 'வரக் கூடாது' என்றால் தடை. 'வர முடியும்' என்றால் ஆற்றல். 'வரட்டும்' என்றால் சம்மதம். 'வர மாட்டேன்' என்றால் மறுப்பு. சொல் ஒன்றுதான், வால் மாறினால் வாழ்க்கையே மாறிவிடுகிறது. இந்த வால்களில் எதை யார் யாரிடம் சொல்லலாம், எதைச் சொன்னால் வேலை போகும், எதைச் சொன்னால் சிறைக்கதவு திறக்கும் என்பதில்தான் கிள்ளான் பள்ளத்தாக்குத் தோட்டங்களின் வரலாறு அடங்கியிருக்கிறது.

கடனிலிருந்து பிறந்த கடமை

இந்தச் சின்னச் சொற்கள் எல்லாம் ஒரு காலத்தில் முழுச் சொற்களாக நடமாடியவை. 'வேண்டு' என்றால் கேள், விரும்பு, இரந்து நில் என்று பொருள். கோயிலில் நின்று வேண்டுகிறோம். அதே சொல்தான் 'வேண்டும்' என்று ஆகிக் கட்டாயத்தைக் காட்டுகிறது. 'கூடு' என்றால் ஒன்றுசேர். அதிலிருந்து 'கூடும்', 'கூடாது'. 'முடி' என்றால் நிறைவு செய். அதிலிருந்து 'முடியும்', 'முடியாது'. 'செய்யல் ஆம்' என்பது தேய்ந்து 'செய்யலாம்' ஆயிற்று. 'மாட்டு' என்ற பழஞ்சொல்லுக்கு இயலுதல் என்று பொருள். ஆகவே 'மாட்டேன்' என்பது முதலில் 'என்னால் இயலாது' என்றுதான் இருந்தது. பிறகுதான் அது 'செய்ய விருப்பமில்லை' என்று நிமிர்ந்து நின்றது.

இவற்றில் ஒன்று தனியாகக் கவனிக்கத்தக்கது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ஊர்ச்சபையார் கோயில் விளக்குக்கு நெய் அளக்க ஒப்புக்கொள்ளும்போது 'அளக்கக் கடவோம்' என்ற பாணியில் எழுதி வைத்தார்கள். 'கடவோம்', 'கடவது' என்ற இந்தச் சொற்களுக்கும் 'கடன்' என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றுதான். வாங்கிய பணமும் கடன். செய்தே தீர வேண்டிய கடமையும் கடன்.

வியப்பு என்னவென்றால், ஆங்கிலத்திலும் இதே கதைதான். சட்டப் புத்தகங்களில் பக்கத்துக்குப் பத்து முறை வருகிற 'ஷல்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'கடன்பட்டிருக்கிறேன்' என்பதே பொருள். 'வில்' என்றால் 'விரும்புகிறேன்'. 'மே' என்றால் 'எனக்கு வலிமை உண்டு'. 'கேன்' என்றால் 'எனக்குத் தெரியும்'. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மனிதர்கள் ஒரே மாதிரிதான் எண்ணியிருக்கிறார்கள். கட்டாயம் என்றால் என்ன என்று யோசித்தபோது, இரு மொழியாருக்கும் முதலில் நினைவுக்கு வந்தது கடன்காரன் வாசலில் நிற்கும் காட்சியே!

நம் முன்னோருக்கு இது வெறும் இலக்கணமாக இருக்கவில்லை. சஞ்சிக்கூலி முறையில் வந்தவர்கள் கப்பல் செலவுக்குக் கடன்பட்டே இந்த மண்ணில் கால் வைத்தார்கள். 'சஞ்சி' என்பது வாக்குறுதி என்று பொருள்படும் 'ஜாஞ்சி' என்ற மலாய்ச் சொல்லின் திரிபு. வாக்குக் கொடுத்தாயிற்று, இனிக் கடன் தீரும்வரை உழைக்கக் கடவது! இந்த முறை 1910ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அதன் பிறகு கங்காணி மூலம் ஆள் சேர்க்கும் முறை ஓங்கியது. அதிலும் முன்பணம் என்ற பெயரில் கடன் தொடரத்தான் செய்தது.

சீமையிலும் கடிதம் எழுதித் தந்தார்கள்

கடிதம் எழுதத் தெரியாமல் பிறரைக் கொண்டு எழுதுவது நம் இனத்துக்கு மட்டுமே வாய்த்த குறை என்று யாரும் எண்ண வேண்டாம். 15ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பாஸ்டன் என்றொரு வசதியான குடும்பம் இருந்தது. அந்தக் குடும்பத்தின் நூற்றுக்கணக்கான கடிதங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. மார்கரெட் பாஸ்டன் என்ற அம்மையார் லண்டனில் இருந்த கணவருக்கு எழுதிய கடிதங்கள் பல. ஆனால் அவர் தம் கையால் எழுதவில்லை. வாயால் சொல்ல, வீட்டுக் கணக்கர்களும் மற்றவர்களும் எழுதினார்கள். நிலவுடைமைக் குடும்பத்துச் சீமாட்டிக்கே அந்த நிலை என்றால், பால்மரம் வெட்டிய நம் பாட்டிக்கு எழுத்து வராததில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்து அறிஞர்கள் இப்படிப்பட்ட பழைய ஆங்கிலக் கடிதங்களையும் ஸ்காட்லாந்துக் கடிதங்களையும் ஆயிரக்கணக்கில் தொகுத்து வைத்திருக்கிறார்கள். மகன் தந்தைக்கு எழுதும்போது எந்த வினைவால், எசமான் வேலைக்காரருக்கு எழுதும்போது எந்த வினைவால், பெண் எழுதினால் எது, பிரபு எழுதினால் எது என்று எண்ணிக் கணக்கெடுப்பதற்கு அத்தொகுப்புகள் பயன்படுகின்றன. இலக்கணம் என்பது புத்தகத்தில் பிறப்பதில்லை. மனிதர்களுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வில் பிறக்கிறது என்பது இத்தகைய ஆராய்ச்சியால் தெரிய வருகிறது.

ஸ்காட்லாந்துக்காரர்களைப் பற்றி இங்கே சொல்லக் காரணம் உண்டு. 1821இல் சிங்கப்பூரில் வாணிபம் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரி ஸ்காட்லாந்தின் பிரெக்கின் ஊரைச் சேர்ந்தவர். அவர் பெயரில் வளர்ந்த கம்பெனி பிற்காலத்தில் மலாயாத் தோட்டங்களில் கொடிகட்டிப் பறந்தது. துரைமார்களில் ஸ்காட்லாந்துக்காரர் பலர். கிள்ளானில் ஹைலண்ட்ஸ், கோலாலம்பூரில் எடின்பரோ என்று அவர்கள் நாட்டு நினைவுகளே நம் தோட்டங்களுக்கும், அந்தத் தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளுக்கும் பெயராயின.

அந்த ஸ்காட்லாந்துக்காரர்களையே லண்டன்காரர்கள் 'ஷல்', 'வில்' விஷயத்தில் கேலி செய்தார்கள். ஜான் வாலிஸ் என்ற அறிஞர் 1653இல் தாம் எழுதிய ஆங்கில இலக்கணத்தில், 'நான்' என்று சொல்லும்போது 'ஷல்' போட்டால் வெறும் வருங்காலம், 'வில்' போட்டால் உறுதி. மற்றவரைச் சொல்லும்போது இது தலைகீழாகும் என்று விதி வகுத்தார். ஸ்காட்லாந்தில் மக்கள் அப்படிப் பேசவில்லை. கட்டாயத்துக்கு அவர்களிடம் 'மான்' என்று தனிச்சொல்லே இருந்தது. ஒரு பழைய நகைச்சுவைக் கதை சொல்வார்கள். ஆற்றில் விழுந்த ஸ்காட்லாந்துக்காரர், 'ஐ வில் டிரௌன், நோபடி ஷல் சேவ் மீ' என்று கத்தினாராம். 'ஐயோ, மூழ்கப் போகிறேனே, காப்பாற்ற யாருமில்லையே' என்பது அவர் எண்ணம். கரையில் நின்ற ஆங்கிலேயர்களோ விதிப்படி பொருள் கொண்டு, 'நான் மூழ்கியே தீருவேன், எவரும் என்னைக் காப்பாற்றக் கூடாது' என்கிறார் போலும் என்று தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டு நடையைக் கட்டினார்களாம்!

சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் சிரித்துவிட்டுச் சிந்திக்கவும் வேண்டும். ஒரு வினைவால் தவறினால் ஆளே மூழ்கிப் போகலாம் என்பது வேடிக்கைக் கதை. தோட்டத்தில் அது வேடிக்கையாக இருக்கவில்லை.

'இங்கே வா' என்ற தமிழ்

துரைமார்கள் தமிழ் கற்றுக்கொண்டார்கள். எப்படிப்பட்ட தமிழ்? 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் சின்னத்துரைமார்களுக்காக ஒரு கையடக்கத் தமிழ்ப் புத்தகம் அச்சிட்டார்கள். அதன் பெயரே 'இங்கே வா'! 'வாருங்கள்' இல்லை, 'வரலாம்' இல்லை, 'வா'. 1915இல் கொழும்பில் வந்த இன்னொரு புத்தகத்துக்குக் 'கூலித் தமிழ்' என்றே தலைப்பு. நம்முடைய பழமையான மொழிக்குத் தோட்டத்தில் கிடைத்த பட்டம் அது. ஏவல் வினை மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்த துரைக்கு நம் மொழியின் மற்ற வால்கள் எதற்கு?

ஆனால் தொழிலாளிக்கு எல்லா வால்களும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. காலைப் பெரட்டில் நின்றுகொண்டு 'வேலைக்கு வர மாட்டேன்' என்று ஒருவர் சொல்லிவிட முடியாது. வேலைக்கு மறுப்பதும் தோட்டத்தைவிட்டு ஓடுவதும் 1920களின் தொடக்கம் வரை தண்டிக்கத்தக்க குற்றங்களாகவே சட்டத்தில் இருந்தன. ஆகவே நம்மவர், 'ஒடம்பு முடியல தொரை' என்றார்கள். 'மாட்டேன்' என்பது எதிர்ப்பு. 'முடியல' என்பது இயலாமை. இயலாமைக்கு ஏச்சு கிடைக்கும். எதிர்ப்புக்குச் சிறை கிடைக்கும். படிப்பறிவு இல்லாத சனங்கள் என்று பேசப்பட்டவர்கள் இலக்கணத்தை இவ்வளவு நுட்பமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்!

ஊருக்குப் போட்ட கடிதங்களில் வேறொரு வால் இருந்தது. 'இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்' என்று தொடங்கி, 'நிற்க' என்று ஒரு சொல் போட்டு, விஷயத்துக்கு வருவார்கள். 'பதில் போடவும்', 'பணம் கிடைத்த விவரம் தெரிவிக்கவும்', 'தாயாருக்கு உடல்நலமில்லை, உடனே புறப்பட்டு வரவும்'. இந்த 'வும்' என்ற வாலை யாரும் வாயால் பேசுவதில்லை. வீட்டில் யாராவது 'சோறு போடவும்' என்று சொல்வதுண்டா? கடிதத்திலும் தந்தியிலும் அறிவிப்புப் பலகையிலும் மட்டுமே அது வாழ்கிறது. கட்டளையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கடலுக்கு அப்பால் இருக்கும் சொந்தத்திடம் மரியாதையோடு உரிமை கேட்கும் வால் அது. அண்ணனும் தம்பியும், கணவனும் மனைவியும் அதைத்தான் எழுதினார்கள்.

துரைக்கு எழுதும் மனு வேறு ரகம். அதற்கு ஒரு தனி மொழி இருந்தது.

மனு எழுதியவர்கள்

தோட்டத்தில் எழுதத் தெரிந்தவர்கள் இருவர்: கிராணியும் பள்ளிக்கூட வாத்தியாரும். கிராணி நிர்வாகத்தின் ஆள் என்பதால் நம்மவர் பெரும்பாலும் வாத்தியார் வீட்டுத் திண்ணைக்குத்தான் வந்தார்கள். பட்டணத்துக்குப் போனால், ஐந்தடி நடைபாதையில் மேசையும் தட்டச்சுப் பொறியும் வைத்துக்கொண்டு காசுக்கு எழுதிக் கொடுப்பவர்கள் இருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்த்த, ஆங்கிலம் தெரிந்த தமிழர்கள் குடியிருந்தார்கள். தெரிந்தவர் மூலம் அவர்களிடம் போனவர்களும் உண்டு.

தொழிலாளி சொல்வார்: 'வீட்டுக் கூரை ஒழுகுது. தகரம் மாத்தணும். புள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போக லீவு வேணும்.' எழுதுபவர் எழுதுவார்: 'கனம் பொருந்திய துரை அவர்களின் சமுகத்திற்கு, ஏழை அடியேன் மிக வணக்கமாய் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். தாங்கள் தயை கூர்ந்து அடியேனின் கூரையைப் பழுது பார்த்துக் கொடுக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.'

பாருங்கள், நடந்தது என்ன? தொழிலாளி சொன்னது 'வேணும்'. தாளில் ஏறியது 'வேண்டுகிறேன்'. வேர் ஒன்றே, ஆனால் முன்னது தேவை, பின்னது பிச்சை. வாயால் சொல்லும் 'வேணும்' என்பதற்குக் குரல் உண்டு, முகம் உண்டு. கெஞ்சலாகவும் சொல்லலாம், கண்டிப்பாகவும் சொல்லலாம். தாளில் குரல் இல்லாததால், எழுதுபவர் பாதுகாப்பான வாலைத் தேர்ந்தெடுத்தார். அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. துரைக்குக் கோபம் வந்தால் மனுதாரருக்கும் ஆபத்து, எழுதியவருக்கும் ஆபத்து.

அதை ஆங்கிலத்தில் எழுதினாலும் இந்தக் குனிவு குறையவில்லை. ஆங்கில மனுக்களுக்கு ஒரு மரபான முடிவு வாசகம் உண்டு: கடமைப்பட்ட மனுதாரர் என்றென்றும் தங்களுக்காகப் பிரார்த்திப்பார் என்பது அதன் கருத்து. கூரைத் தகரம் கேட்ட மனிதர், தகரம் வருமுன்பே ஆயுள் முழுவதும் பிரார்த்திக்கக் கடமைப்பட்டுவிடுகிறார்!

1922ஆம் ஆண்டு இந்தியக் குடிப்பெயர்ச்சிச் சட்டத்துக்குப் பிறகு, இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் மலாயாவுக்கு வந்தார். தொழிலாளர் குறைகளைக் கேட்பது அவர் வேலைகளில் ஒன்று. ஆகவே தோட்டத்து மனுவுக்கு இன்னொரு முகவரி கிடைத்தது. துரையைத் தவிர வேறொருவரிடமும் சொல்லலாம் என்ற அந்த 'லாம்' சிறியதுதான். ஆனால் அது ஒரு தொடக்கம்.

1941, கிள்ளான்

குனிந்த வினைவால் நிமிர்ந்த ஆண்டு 1941. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் என்ற அமைப்பு தோட்டத் தொழிலாளரைத் திரட்டியது. முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் ஆர்.எச். நாதன், 1924இல் கோலாலம்பூரில் தொடங்கி 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர். தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளின் பட்டியல் அக்கால ஆவணங்களைக் கொண்டு எழுதப்பட்ட வரலாற்று நூல்களில் இருக்கிறது. கருத்தை நம் தமிழில் சொன்னால் இப்படி அமையும்:

சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். முறையான மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். நம் பெண்களிடம் வெள்ளைத் துரைமாரும் கறுப்புத் துரைமாரும் தகாத முறையில் நடந்துகொள்வது நிற்க வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தாராளமாக வந்து போகலாம் என்றிருக்க வேண்டும். பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் வேண்டும். சங்கம் அமைக்க அனுமதி வேண்டும். குறை சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது.

இன்னும் ஒன்று. துரையோ அலுவலகத்தாரோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டியதில்லை, ஏறியபடியே போகலாம் என்று இருக்க வேண்டும்.

கடைசிக் கோரிக்கையைச் சிலர் அற்பமானது என்று நினைக்கலாம். அது அற்பமில்லை. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்பது சட்டப் புத்தகத்திலா இருந்தது? அது யார் எழுதிய 'வேண்டும்'? யாரும் எழுதாத, ஆனால் எல்லாருடைய முதுகெலும்பிலும் பதிந்த 'வேண்டும்' அது. எழுதாத அந்தக் கட்டாயத்தை எழுத்தால் நீக்கச் சொன்னார்கள் நம் மக்கள். கூலி உயர்வு வயிற்றுக்கு. சைக்கிள் கோரிக்கை மானத்துக்கு.

இந்தப் பட்டியலில் 'தயை கூர்ந்து' இல்லை, 'அடியேன்' இல்லை. திண்ணையில் உட்கார்ந்து தொழிலாளி சொன்ன 'வேணும்' என்ற சொல், நடுவில் யாரும் குனிய வைக்காமல், முதன்முறையாக அப்படியே அதிகாரத்தின் மேசைக்குப் போயிற்று.

விலை கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்பு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது. தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர்; பலர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் சப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. சைக்கிளிலிருந்து இறங்கச் சொன்ன துரைமார்களே தோட்டங்களைவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

அந்தக் கோரிக்கைகள் புதைந்து போகவில்லை. போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் எழுந்தன. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அதன்பின் தோட்டத்தார் கோரிக்கையைத் தனித்தனி மனுவாக அல்லாமல் ஒப்பந்தமாக எழுத முடிந்தது. மனுவில் ஒருவர் கேட்கிறார், ஒருவர் கொடுக்கிறார். ஒப்பந்தத்தில் இருவரும் கட்டுப்படுகிறார்கள். 'கடவது' என்ற பழைய சொல் இப்போது நிர்வாகத்தையும் சேர்த்துப் பிணைத்தது.

நம் பள்ளியின் தலையெழுத்தும் ஒரு வினைவாலும்

இனி இந்த விழாவுக்கு நெருங்கிய செய்திக்கு வருவோம். தோட்டத்தில் தமிழ்ப்பள்ளி எப்படி வந்தது? துரையின் கருணையாலா? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்று நிர்வாகங்களைக் கட்டாயப்படுத்தியது. அந்த ஒரு 'வேண்டும்' பல கொட்டகைகளைப் பள்ளிக்கூடமாக்கியது. ஆனால் எப்படிப்பட்ட கட்டடம், எத்தனை ஆசிரியர், எத்தனை வகுப்பு என்பதெல்லாம் நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்தே நடந்தது. பலகை இருந்தால் கட்டிக்குச் சுண்ணாம்பு இல்லை. ஆசிரியர் இருந்தால் அவரே பெரட்டுக்கும் கணக்கெழுத வேண்டும். கட்டாயம் வாசல்வரைதான் வந்தது. உள்ளே எல்லாம் 'செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம்' என்றே இருந்தது.

விடுதலைக்குப் பிறகு வேறொரு வினைவால் நம்மை ஆட்டிப் படைத்தது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு என்று பழைய ஆசிரியர்களிடம் சொல்லிப் பாருங்கள்; உடனே புரிந்துகொள்வார்கள். ஒரு தேசிய மாதிரித் தொடக்கப்பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றுவது பொருத்தம் என்று அமைச்சர் கருதினால், அவ்வாறே மாற்ற அவர் ஆணையிடலாம் என்பது அதன் கருத்து. தமிழ்ப்பள்ளியும் சீனப்பள்ளியும் இந்த வகையில் அடங்கும். ஆங்கிலத்தில் அது 'மே' என்ற ஒரே ஒரு சொல். 'செய்ய வேண்டும்' என்று அதில் இல்லை. 'செய்யலாம்' என்றுதான் இருந்தது. ஆனால் அந்த 'லாம்' தமிழ், சீனக் கல்வியில் அக்கறை கொண்டவர்களை 35 ஆண்டுகள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்க வைத்தது. நீக்கச் சொல்லி மகஜர்கள் போயின, தீர்மானங்கள் நிறைவேறின. பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்த 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் அந்த உட்பிரிவு இடம்பெறவில்லை.

இதைப் படிக்கும் மாணவன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அதிகாரம் உள்ளவர் வாயில் 'லாம்' என்பது அனுமதி இல்லை, ஆற்றல். 'நீ வெளியே போகலாம்' என்று தலைமையாசிரியர் சொன்னால் அது அனுமதியா, ஆணையா? சொல்பவரைப் பொறுத்துத்தானே பொருள்?

கையெழுத்துக்கு மேல் ஒரு வரி

கடிதத்தின் அடியில் போடும் வரிக்கும் வரலாறு உண்டு. வெள்ளைக்கார அதிகாரிகள் கடிதத்தை முடிக்கும்போது 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்ற பொருளில் எழுதிக் கையொப்பமிட்டார்கள். எழுதியவர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் மரபு அதுதான். நாட்டை ஆண்டவரே தம்மை ஊழியன் என்று எழுதுவது வெறும் சடங்கு. தொழிலாளி எழுதியபோதோ அது சடங்காக இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நடத்தப்பட்டார்.

நம் நாட்டு அரசாங்கக் கடிதங்களில் நெடுங்காலம் 'சாயா யாங் மெனுருத் பெரிந்தா' என்று இருந்தது. ஆணைக்குக் கீழ்ப்படியும் நான் என்று பொருள். 2018இல் அது 'சாயா யாங் மெஞ்சாலங்கான் அமானா' என்று மாற்றப்பட்டது. ஒப்படைக்கப்பட்ட பொறுப்பை நிறைவேற்றும் நான் என்று பொருள். ஒரு வரிதான். ஆனால் கீழ்ப்படிவதற்கும் பொறுப்பேற்பதற்கும் எவ்வளவு தூரம்!

பெற்றோர்க்கும் மாணவர்க்கும்

இவ்வளவும் எதற்காகச் சொன்னோம்? கிள்ளான் பள்ளத்தாக்கில் பால்மரம் நின்ற காடுகள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. தோட்டம் கைமாறும்போது நம் வீடுகளுக்கு வருவது கடிதம்தான். அதில் மாற்று வீடு 'வழங்கப்படும்' என்று இருக்கிறதா, 'வழங்கப்படலாம்' என்று இருக்கிறதா, 'வழங்குவது பரிசீலிக்கப்படும்' என்று இருக்கிறதா? மூன்றும் ஒன்றில்லை. முதலாவது வாக்கு. இரண்டாவது ஆசை காட்டுவது. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. காலி செய்ய 'வேண்டும்' என்ற சொல் மட்டும் எந்தக் கடிதத்திலும் தெளிவாகவே இருக்கும்! ஆகவே கையெழுத்துப் போடும் முன் வினையின் வாலைப் பாருங்கள். மலாயில் 'போலே' என்று இருக்கிறதா, 'ஹென்டாக்லா' என்று இருக்கிறதா என்று பிள்ளையைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேளுங்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், சேமநிதி என எந்தக் கடிதமானாலும் இதே கதைதான்.

மாணவச் செல்வங்களே! தேர்வுக்காக மட்டும் கடிதம் எழுதக் கற்காதீர்கள். 'தயவுசெய்து' என்று எழுதுவது பண்பு, அதை விட்டுவிடாதீர்கள். பெரியவரிடம் உதவி கேட்கும்போது 'வேண்டுகிறேன்' என்று எழுதுங்கள், குறைவில்லை. ஆனால் சட்டம் கொடுத்த உரிமையைக் கேட்கும்போது 'வேண்டும்' என்று எழுதுங்கள். அது திமிர் இல்லை. எங்கே எதை எழுதுவது என்று அறிவதே கல்வி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள் நம் கிழவிகள். இந்தக் காலத்தில் எழுதத் தெரிந்த வாயாக அது இருக்க வேண்டும்.

அப்பா அம்மாவிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெட்டியின் அடியில் பழைய கடிதமோ, மனுவின் நகலோ, சம்பளச் சீட்டோ கிடந்தால் குப்பை என்று கொளுத்திவிடாதீர்கள். பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தாத்தா என்ன சொன்னார், எழுதியவர் அதை எப்படி எழுதினார், துரை என்ன பதில் போட்டார் என்று அவர்கள் பார்க்கட்டும். 1941இல் சைக்கிளைவிட்டு இறங்க மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரர்கள் இந்த மேடை ஏறிப் பரிசு வாங்குகிறார்கள். யாரும் குனியச் சொல்லவில்லை; அன்பினால் தலை வணங்கினால் அது வேறு.

பரிசு பெறும் அனைவரும் வாழ்க! பரிசு பெறாதவர்களும் அடுத்த ஆண்டு பெற வேண்டும்! தமிழ்ப்பள்ளி தழைக்கட்டும்!